நிழற்குடையில் அரைமணி

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கூட வேலை பார்க்கிறவர்கள் நான்கு பேர் அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நான்காவது மாடிக்கு ஏறியபோது, ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் மனைவி மருந்துப் பையையும் எக்ஸ்ரே உறையையும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாவுக்கட்டுப் போட்ட இரண்டு கால்களும் அவள் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டு போயின.

லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று வேலை பார்க்கும்போது வழுக்கி, அடிக்குழிக்குள் நின்ற வாக்கிலேயே இறங்கியிருந்தான். உயரம் அதிகமில்லை. ஆனால் இரண்டு குதிகால் எலும்பும் நொறுங்கிவிட்டன. "மூணு மாசத்துக்கு இந்தக் கால் ரெண்டும் தரையில படக்கூடாது" என்று டாக்டர் சொன்னார். அதை அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, அவளைப் பார்த்துச் சொன்னார்.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருந்தாள். துவைத்து வரும் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சூடான நீள உருளைக்குள் செலுத்துவது வேலை. ஒரு விரிப்பு போனால் அடுத்தது. எல்லாம் வெள்ளை. இயந்திரத்தின் இரைச்சலில் பேச முடியாது. எதிர்முனை பிடிப்பவளோடு கண்ணாலும் தாடையாலும் பேசிக்கொள்ள வேண்டியதுதான். மாலையில் வெளியே வரும்போது காது அடைத்துப்போய், கையிரண்டும் வேறு யாருடையதோ போலிருக்கும்.

விபத்துக்கு முன்பெல்லாம், வீட்டுக்கு வந்தால் மகள் டியூஷனில் இருப்பாள். கணவன் இருட்டிய பிறகுதான் வருவான். நடுவில் ஒரு மணி நேரம்போல அந்த இரண்டு அறை வீடு முழுக்க அவளுடையது. முகம் கழுவி, தேநீரை எடுத்துக்கொண்டு, ஜன்னலோரமாகக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து பின்னலை வெளியே எடுப்பாள்.

மகள் வயிற்றிலிருந்தபோது, பழைய வீட்டில் பக்கத்துக் குடித்தனக்காரப் பெண் ஒருத்தி பொழுது போகக் கற்றுக்கொடுத்தது. அவள் அதில் பெரிய கைகாரி ஒன்றும் ஆகிவிடவில்லை. மஃப்ளர், குல்லா, கையில்லாத ஸ்வெட்டர், அவ்வளவுதான் வரும். சில சமயம் பாதியில் பிடிக்காமல் பிரித்துவிட்டு அதே நூலில் வேறொன்று தொடங்குவாள். என்ன ஆகிறது என்பது அவளுக்குப் பெரிதில்லை. நாள் முழுக்க வெள்ளையைப் பார்த்த கண்ணுக்கு மடியில் ஒரு நிறம் கிடக்கும். நூல் விரலிடுக்கில் ஓடும். ஊசி நுனி ஒரு கண்ணிக்குள் நுழைந்து, நூலை இழுத்து, அடுத்த கண்ணியாக்கி வெளியே கொண்டுவரும். ஒரு வரிசை முடிந்தால் திருப்பிப் பிடித்து இன்னொரு வரிசை. கை தன் போக்கில் போய்க்கொண்டிருக்க, தலைக்குள் இருந்த இரைச்சல் மெதுவாக அடங்கும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அவளும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை வருஷத்தில் அவள் கணவன் அதைப் பற்றிக் கேட்டது ஒரே கேள்விதான். "என்ன, மறுபடியும் மஃப்ளரா?"

அவன் விழுந்த அன்றைக்கும் பின்னிக்கொண்டுதான் இருந்தாள். செங்கல் நிற நூல், கையில்லாத ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம். வரிசையின் நடுவில் இருக்கும்போது போன் வந்தது.

அதற்குப் பிறகு வீடு வேறாகிவிட்டது. கூட்டாளிகளில் ஒருவன், எந்நேரமும் தலைக்கவசத்தோடு திரிவதால் எல்லாரும் ஹெல்மெட் என்று கூப்பிடுகிற ஆள், அலுவலகத்திலிருந்து சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். கணவன் அதில் உட்கார்ந்து, சுவரையும் கட்டிலையும் பீரோவையும் கையால் தள்ளித் தள்ளி வீட்டுக்குள் ஓடினான். டைல்ஸ் இடுக்குகளில் சக்கரம் கடகடவென்று விழுந்து எழும். மாலையில் அவள் சாவியைப் பூட்டில் நுழைப்பதற்குள் உள்ளே அந்தச் சத்தம் கதவை நோக்கி வந்துவிடும்.

பாவம், நாள் முழுக்கத் தனியாக இருக்கிறவன். கதவு திறந்ததும் கொட்டுவான். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது, கீழ் வீட்டு அண்ணனும் தம்பியும் மறுபடி சண்டை, மோட்டார் சத்தம் சரியில்லை, பேரிங் தேய்ந்திருக்கிறது, போய்ச் சொல்லு. அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே "ம்" கொட்டுவாள். பிறகு அவனைக் கழிப்பறைக்குக் கொண்டுபோக வேண்டும், உடம்பு துடைக்க வேண்டும், காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்க வேண்டும். அவற்றை அவள் முகம் சுளிக்காமல் செய்தாள். முகம் சுளிக்கிறாளா என்று அவன் ஒவ்வொரு முறையும் பார்த்தான்.

சமையலறை வாசலில் மட்டும் உயரமான நிலைப்படி இருந்தது. நாற்காலி அதைத் தாண்டாது. அடுப்பு வேலை இருக்கும்வரை சத்தம் வாசலோடு நின்றுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் வந்து, நிலைப்படியின் இரு பக்கமும் சரிவாகப் பலகை அடித்துக் கொடுத்தான்.

"இனிமே அண்ணன் சமையக்கட்டுக்கும் வரலாம், ஜன்னல்ல ரோட்டை வேடிக்கை பார்க்கலாம். எப்படி அண்ணி?"

"நல்லா இருக்குப்பா" என்றாள். அவனுக்குத் தேநீரும் போட்டுக் கொடுத்தாள்.

பேச்சு நடக்க நடக்கவே அவள் பின்னத் தொடங்கினாள். வேறு வழியில்லை. முதல் சில நாட்கள் அவன் பேசிக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டு, நாற்காலியைக் கிட்டே தள்ளிக்கொண்டு வந்து அவள் கையையே பார்த்தான்.

"ஏம்மா, இது எப்படி அவிழாம நிக்குது? எங்க லாக் ஆகுது?"

"அதுவா? மேல் கண்ணி கீழ் கண்ணியைப் பிடிச்சுக்குது. கடைசி வரிசையை மட்டும் கட்டிட்டா போதும்."

"கடைசியைக் கட்டலைன்னா?"

"நூலைப் பிடிச்சு இழுத்தா மொத்தமும் உருவிக்கிட்டு வந்துடும்."

"அட" என்றான். அவனுடைய வேலையில் இப்படி ஒரு பொருளை அவன் பார்த்ததே இல்லை.

அவள் மிச்ச நூலையும் இன்னொரு ஜோடி ஊசியையும் எடுத்துக் கொடுத்தாள். அந்த வாரம் அவர்கள் கல்யாணமான புதிதில் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார்கள். அவனுடைய பருத்த விரல்கள் ஊசியை ஸ்க்ரூ டிரைவர் மாதிரி பிடித்தன. கண்ணிகளை அவன் இறுக்கிய இறுக்கில் அடுத்த வரிசைக்கு ஊசி உள்ளே போகவில்லை. "நட்டு முடுக்குறீங்களா? தளர விடுங்க" என்று அவள் அவன் கையைப் பிடித்து உதறிவிட்டாள். ஒன்பதாவது படிக்கும் மகள், வீட்டில் எல்லாருக்கும் அவள் குட்டிதான், டியூஷனிலிருந்து வந்து இருவரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரு மாதிரியாத்தான் இருக்கீங்க" என்று சொல்லிப் போனாள். அம்மாவுக்கு அது சந்தோஷமாக இருந்தது. தன்னுடைய இடத்துக்குள் ஒருவர் வந்து உட்கார்ந்து, அதன் அருமையைப் பார்க்கிறாரே என்ற சந்தோஷம்.

ஆனால் அவளுக்குக் கிடைத்தது மாலையில் கொஞ்ச நேரம். அவனுக்கு நாள் முழுக்க இருந்தது.

போனில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அவன் எங்கேயோ போய்விட்டான். பத்து பதினைந்து நாளில் அவனுடைய வரிசைகள் அச்சில் வார்த்ததுபோல விழுந்தன. குட்டிக்கு, முன்புறம் கயிறு முறுக்கியது போன்ற வேலைப்பாட்டோடு ஒரு முழுக்கை ஸ்வெட்டர் தொடங்கினான். அவள் பயந்து இத்தனை வருஷம் கிட்டேயே போகாத வேலைப்பாடு அது. முடிந்ததும் அதைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன குட்டி, அப்பா பின்னியது என்று சொன்னபோது யாரும் நம்பவில்லையாம்.

கூட்டாளிகள் வந்தார்கள். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பிறகு ஆளுக்கொரு குல்லா கேட்டார்கள். மூன்றாம் மாடி டீச்சர் மேலே ஏறிவந்து ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆம்பளைக் கையில இவ்வளவு நறுவிசா!" என்றாள். வெளியூரிலிருந்த நாத்தனார் வீடியோவில் கூப்பிட்டு, கண் கலங்கினாள்.

"அண்ணன் கை வச்சா எதுவும் சும்மா இருக்குமா! கால் ரெண்டும் போயும் பாருங்க அண்ணி, மனுஷன் சோர்ந்து உக்காரல."

"இவதான் சொல்லிக் குடுத்தா" என்று அவன் ஒவ்வொரு முறையும் சொன்னான். அதில் குறை சொல்ல முடியாது.

"அப்படியா அண்ணி, உங்களுக்கும் வருமா?" என்பார்கள். பிறகு அவன் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

பதினான்கு வருஷமாக அவள் பின்னியிருக்கிறாள். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்காக அவள் ஏங்கியதும் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அதிலிருந்த சுகமே. இப்போது அவளும் பின்னினால் வருகிறவர்கள் அவன் கையையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அவனும் பார்த்தான். "இங்க பாரு, ஒரு கண்ணி விட்டுட்டே." "ஓரம் கோணலாப் போகுது, நூலை நீ ஒரே சீரா இழுக்கல." "இந்த ஊசி உனக்கு ஒத்துவராது, ஒரு நம்பர் சின்னது எடு." எல்லாம் சரியான பேச்சு. குரலில் கனிவு இருந்தது. சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கும்போது முதுகு விறைக்குமே, அந்த விறைப்பு அவளுக்கு வீட்டிலும் வந்தது. விரல் தடுக்கியது. முன்னைவிட அதிகமாகத் தப்பு விழுந்தது. அவன் இன்னும் கிட்டே வந்தான்.

ஒருநாள் மாலை கதவைத் திறந்தபோது அவன் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தான். கட்டிலின் மேல் அவளுடைய செங்கல் நிறப் பின்னல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. காலையில் அவள் விட்டுப்போனபோது முழங்கை அளவுதான் இருந்தது. இப்போது கழுத்து வளைவுவரை முடிந்து, வரிசைக்கு வரிசை பிசகாமல், கடையில் தொங்குவது போலக் கிடந்தது.

"அடியில ஒரு இடத்துல ரொம்பக் குளறுபடி. எப்படித்தான் அதை விட்டுட்டு மேல போனியோ! அதுவரைக்கும் பிரிச்சு, திரும்பப் போட்டு, முதுகையே முடிச்சிட்டேன். எப்படி?"

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். எங்கே அந்த இடம் இருந்தது என்றுகூடத் தெரியவில்லை.

"நல்லா இருக்கு" என்றாள்.

"முன்பக்கமும் வேணும்னா நாளைக்கு..."

"செய்ங்க."

துணிப்பையை மடித்து பீரோவின் மேல் வைத்தாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் ஊசியைத் தொடவில்லை. "ஏன் நீ போடலையா?" என்று அவன் கேட்டதற்கு, "கை வலி" என்றாள். அது பொய்யுமில்லை.

அடுத்த சில நாட்கள் மாலை நேரம் முழுக்க அவன் ஊசிகளின் சத்தத்தில் கழிந்தது. டிக், டிக், டிக். அவள் காய் நறுக்கினாள், துணி மடித்தாள். சத்தம் பின்னாலேயே வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெறுமனே நின்றாள். உள்ளே இருந்து வெளியே வரவே கால் வரவில்லை. "இன்னுமா குளிக்கிறே?" என்று சக்கரம் வாசல்வரை வந்தது. வேலைக்குப் போனால் நீராவியும் இரைச்சலும், வீட்டுக்கு வந்தால் இது. இரண்டுக்கும் நடுவில் பேருந்து மட்டும்தான் மிச்சம். அதில் நிற்கத்தான் இடம் இருக்கும்.

பேருந்தை விட்டு இறங்குகிற இடத்தில், அவர்கள் கட்டடத்துக்கு எதிர்ச்சாரியில், ஒரு பயணியர் நிழற்குடை இருந்தது. தகரக் கூரை, நீள சிமெண்ட் பெஞ்சு. ஒரு மாலை, எதிரே நான்காவது மாடியை நினைத்ததும் அப்படியே அதில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் வேலைக்கு நடுவே வெளியே போய், நல்ல ஆழ்ந்த நீலத்தில் கம்பளி நூலும் ஒரு ஜோடி ஊசியும் வாங்கிக் கைப்பையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

நீலத்தில் அவள் தொடங்கியது தனக்கு ஒரு முழுக்கை ஸ்வெட்டர். இதுவரை அவள் தனக்கென்று எதையும் பின்னியதில்லை. முன்புறம் பொத்தான், இரண்டு கை. வராவிட்டால் பிரித்துவிட்டுப் போகிறது. பெஞ்சின் ஓரத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து அரைமணி பின்னுவாள். வண்டிகள் வரும், ஆட்கள் இறங்குவார்கள், ஏறுவார்கள். யாரோ ஒரு பெண் எந்த வண்டிக்கோ காத்திருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். அந்தப் புகையிலும் ஹாரன் சத்தத்திலும் அவள் தலைக்குள் இருந்தது அடங்கியது. பழையபடி கை தன் போக்கில் ஓடியது. அரைமணி முடிந்ததும் எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு, தெருவைத் தாண்டி, மாடிப்படி ஏறுவாள். முதல் மாடியில் லேசாக இருக்கும். நான்காம் மாடிக்கு வருவதற்குள் நெஞ்சில் கல் ஏறிவிடும்.

"என்ன இவ்வளவு நேரம்?" என்று முதல் நாள் அவன் கேட்டான்.

"விரிப்பு நிறைய வந்துடுச்சு. முடிச்சுட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

மேலே அவன் கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு தனக்காகக் காத்திருந்திருக்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. இனி இப்படிச் செய்யக்கூடாது என்று நினைத்தாள். மறுநாளும் உட்கார்ந்தாள். ஒரு திருட்டைச் செய்கிறவள் போல, கட்டடத்துக்கு முதுகைக் காட்டியபடி உட்காரப் பழகிக்கொண்டாள். கொஞ்ச நாளில் அவன் எதுவும் கேட்பதை விட்டுவிட்டான். அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் இரண்டு மூன்று இடத்தில் ஒழுகியது. நூல் நனையாமல் இருக்க அவள் பெஞ்சின் நடுப்பக்கம் நகர்ந்து, வரிசை பாதியில் நிற்கிறதே என்று குனிந்து வேகமாகப் பின்னிக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு கால்கள் வந்து நின்றன. நிமிர்ந்தால், கையில் இரண்டு குடையோடு குட்டி.

"டியூஷன் இல்லையா?" என்று கேட்டாள். வேறென்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"மழைன்னு சீக்கிரம் விட்டுட்டாங்க." குட்டி நீல நூலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "அப்பா குடையைக் குடுத்துட்டு வரச் சொன்னாரு."

"யாருக்கு?"

"உனக்குத்தான். இங்கதான் உக்காந்திருப்பேன்னு சொன்னாரு. அவசரமில்லையாம். முடிச்சுட்டு வருவியாம்."

அவள் மெதுவாகத் திரும்பி மேலே பார்த்தாள். மழைக்கு அந்தப் பக்கம், நான்காவது மாடியில், சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அதில் ஒரு தலை தெரிந்தது. அவள் பார்த்ததும் அது உள்ளே போனது.

குட்டி குடையை பெஞ்சில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

"வா, போகலாம்" என்றாள் அம்மா. அதற்கு மேல் ஒரு கண்ணிகூட அவளால் போட முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது நாற்காலிச் சத்தம் வரவில்லை. அவன் சமையலறையில், அந்த ஜன்னலுக்குக் கீழேயே இருந்தான். மடியில் பின்னல் இல்லை. குட்டி துண்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் எப்போதும் கதவைச் சாத்துகிற பெண் இல்லை.

"எப்போலேருந்து தெரியும்?" என்று இவளே கேட்டாள்.

"ஒரு வாரத்துக்கு மேல இருக்கும். பஸ்ஸு வருதான்னு பார்க்க வந்தேன். நீ இறங்கி அங்கேயே உக்காந்தே. யாருக்கோ காத்திருக்கேன்னு நினைச்சேன். அப்புறம் ஊசியை எடுத்தே."

"ஏன் கேக்கல?"

"கேட்டா மேல வந்துடுவே." அவன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நான் நாறிப்போய்க் கிடக்கேன். உன்னைத் தூக்கு, துடைன்னு படுத்துறேன். மேல வரவே உனக்குப் புடிக்கல. அதுல என்ன கேக்குறது?"

"அதுக்கில்லைங்க."

"வேற எதுக்கு?"

அவள் ஈரக் குடையை மூலையில் சாத்தினாள். அது சரிந்தது, மறுபடி நிமிர்த்தி வைத்தாள். "நீங்க என்னோடதைப் பிரிச்சீங்க."

அவனுக்குப் புரியவே இல்லை. "எதை? அந்த ஸ்வெட்டரையா? அதுல தப்பு இருந்துச்சும்மா. நான் சரிதானே பண்ணேன்?"

"அந்தத் தப்பு என்னோடதுங்க. அது எப்ப விழுந்துச்சுன்னு தெரியுமா? நீங்க குழிக்குள்ள விழுந்துட்டீங்கன்னு போன் வந்துச்சே, அப்ப. என்ன போட்டேன், எதைப் போட்டேன்னு தெரியாம கை பாட்டுக்கு நாலு கண்ணியைப் போட்டுட்டு எழுந்து ஓடினேன். அப்புறம் எடுத்துப் பார்த்தப்ப பிரிக்க மனசு வரல. இருக்கட்டும்னு மேல போயிட்டேன்."



"எனக்குத் தெரியாதே" என்றான்.

"தெரியாதுதான். நான் சொன்னாத்தானே தெரியும்? ஆனா எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருக்கணுமா? அது ஒண்ணுதான் யாருக்கும் பதில் சொல்லாம நான் செஞ்சது. எல்லாத்துக்கும் நீங்க பக்கத்துல வந்து பார்த்தா, நான் எங்க போறது? ரெண்டு ரூம்தானே இருக்கு!"

குரல் உயர்ந்துவிட்டது. உள்ளறையில் ஏதோ கீழே வைக்கிற சத்தம் கேட்டு, நின்றது.

"நான் மட்டும் எங்க போறது?" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. "காலையில நீ கதவைச் சாத்திட்டுப் போனா, மறுபடி அது திறக்கிற வரைக்கும் இந்தச் சுவரு, அந்தச் சுவரு. இந்த ஊசி கையில இல்லைன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும். அதை நீ குடுத்தே. உனக்குத் திருப்பி ஏதாவது செய்யணும்னுதான் அதை முடிச்சு வச்சேன். நீ சந்தோஷப்படுவேன்னு கதவைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தபோதே தெரியும். அதனால்தான் எதுவும் சொல்ல முடியாமல் போனது.

மழை விட்டிருந்தது. ஜன்னல் கம்பியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவன் நாற்காலியைத் திருப்பி, "சரி, நான் விட்டுடறேன். எனக்கென்ன, டிவி பார்த்துக்கிட்டு இருந்துடுவேன்" என்றான்.

"வேண்டாம்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"வேண்டாங்க. நீங்க விட்டுட்டா, என்னால விட்டீங்கன்னு அதையும் நான்தான் சுமக்கணும். நீங்க பின்னுங்க. என்னோடதைத் தொடாதீங்க. பார்க்காதீங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

"தொடல. பார்க்காம எப்படிம்மா இருக்கிறது? நீயேதான் சொன்னே, ரெண்டு ரூம்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அவனைக் கழிப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்கும் அவன் அடக்கிக்கொண்டுதான் இருந்தான்.

மறுநாள் அவள் இறங்கியதும் நேராகத் தெருவைத் தாண்டப் போனாள். பிறகு நின்று, மேலே பார்த்தாள். சமையலறை ஜன்னல் சாத்தியிருந்தது. சாத்திய ஜன்னலைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ செய்தது. அதற்குப் பின்னால் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது. நிழற்குடையில் உட்கார்ந்து பின்னலை எடுத்தாள். முதல் வரிசை முழுக்கக் கண் ஜன்னலுக்கே போய்வந்தது. இரண்டாவது வரிசையில் போகவில்லை.

அதற்குப் பிறகு அது வீட்டின் நடைமுறைகளில் ஒன்றாகிவிட்டது. அவள் வருவதற்கு முன்பே குட்டி வந்து அப்பாவைக் கவனித்துக்கொள்ளும்படி டியூஷன் நேரத்தை மாற்றினார்கள். அவன் நாற்காலியில் இருந்தபடியே தேநீர் போடப் பழகி, ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்தான். நாத்தனார் வீடியோவில் கூப்பிட்டு, "அண்ணி எங்கே?" என்றால், "கீழ இருக்கா, வருவா" என்றான். "கீழ என்ன வேலை?" என்றால், "அவ வேலை" என்றான்.

டாக்டர் சொன்ன காலம் முடிந்து மாவுக்கட்டைப் பிரித்தபோது, கால் மெலிந்து, தோல் உரிந்து கிடந்தது. முதலில் ஊன்றுகோல், அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு. குதிகால் பழையபடி சேரவில்லை. ஏணி ஏறுகிற வேலை இனி கூடாது என்றார்கள். நிறுவனத்தில் அவனை அலுவலகத்துக்குள் உட்கார வைத்து, எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றிருக்கிறது என்று போனில் கேட்டு ஆள் அனுப்புகிற வேலையைக் கொடுத்தார்கள். காலையில் வெளியே போகிற சந்தோஷத்தில் அவன் இரண்டு நாள் தூங்கவே இல்லை. ஆனால் அலுவலக வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அவள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவன் வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் வேலைக்குப் போக ஆரம்பித்தால் அந்தப் பழைய ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கும் என்று அவள் உள்ளுக்குள் எண்ணியிருந்தாள். கிடைக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. நடக்க ஆரம்பித்துவிட்டாரே என்று எல்லாரும் மகிழ்ந்துகொண்டிருந்தார்கள்; அவளும்தான்.

ஆகவே நிழற்குடை தொடர்ந்தது. குளிர் ஏற ஏற சிமெண்ட் பெஞ்சு பனிக்கட்டியாயிற்று. பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். விரல் மரத்தது. அரைமணி கால் மணியாயிற்று. சில நாள் ஒரே ஒரு வரிசையோடு எழுந்து வந்தாள்.

நீல ஸ்வெட்டர் ஒருவழியாக முடிந்தது. பொத்தான் வைத்து, வீட்டுக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தாள். தோள் சரியாக இருந்தது. இடது கை வலது கையைவிட ஒரு விரற்கடை நீளம். கட்டிலில் இருந்த அவன் பார்த்தான். பார்த்தது தெரிந்ததும் சட்டென்று கூரையைப் பார்த்தான்.

"பார்க்கலாம்" என்றாள் அவள்.

மெதுவாகக் கண்ணை இறக்கினான். கண் நேராக இடது கைக்குப் போனது, அங்கேயே நின்றது, பிறகு எவ்வளவோ பாடுபட்டு அங்கிருந்து கிளம்பி அவள் முகத்துக்கு வந்தது.

"கலர் உனக்கு நல்லா இருக்கு" என்றான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா. வேற எதுவும் என் வாயில வராது."

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். எதிர்முனை பிடிப்பவள் நீராவிக்கு நடுவே கண்ணாலும் தாடையாலும், யார் போட்டது என்று கேட்டாள். அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே காற்று ஆளைத் தள்ளியது. நிழற்குடைக்குப் போகிற பேச்சே இல்லை. பீரோவின் மேலிருந்த துணிப்பையை இறக்கித் தூசி தட்டினாள். வெகு நாளைக்குப் பிறகு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த நீலத்தில் ஒரு குல்லாவுக்குக் கண்ணி போட ஆரம்பித்தாள். கணவனிடம் ஹெல்மெட்டின் குழந்தைக்கு ஒப்புக்கொண்ட காலுறை பாதியில் இருந்தது. அவனும் ஊசியை எடுத்தான். எடுத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான். உட்கார ஒரே கட்டில். கொஞ்ச நேரம் யோசித்தவன், நொண்டிக்கொண்டே கட்டிலின் மறுபக்கம் போய், சுவரைப் பார்த்தபடி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அந்தப் பக்கத்தில் வெளிச்சம் போதவில்லை. பின்னலை மூக்குக்குக் கிட்டே பிடித்துக்கொண்டான்.

"இந்தப் பக்கம் திரும்பிக்கோங்க, கண்ணு கெட்டுடும்" என்றாள்.

"வேண்டாம். இங்கயே இருக்கேன்."

அவள் வற்புறுத்தவில்லை. இரண்டு ஊசிச் சத்தமும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, பிறகு அதனதன் போக்கில் போயின. வெளியே போய்விட்டு வந்த குட்டி கதவைத் திறந்து, இருவர் முதுகையும் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்ன, மறுபடியும் சண்டையா?"

"இல்லடி, பின்னுறோம்" என்றாள் அம்மா. "கதவைச் சாத்து, குளிர் உள்ள வருது."

குட்டி கதவைச் சாத்தினாள். சுவருக்கும் அப்பாவின் முழங்காலுக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து, "கொஞ்சம் காலை மடக்குங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.